நடுங்கும் கையும் சோர்ந்த குடலும்
ஜேம்ஸ் பார்க்கின்சன் வாழ்க்கை

இலண்டன் மாநகரின் வடகிழக்குப் புறத்திலே, ஷோர்டிச் என்னும் பகுதியில், புனித லெனாட் பெயரால் வழங்கும் பழந்தேவாலயம் ஒன்று உண்டு. அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே மணஞ் செய்து, அறுபத்தொன்பதாம் வயதில் அத்தேவாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பெற்ற வைத்தியர் ஒருவரின் பெயர் இன்று உலகத்து வைத்தியசாலைகள் எங்கும் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றது. ஆயினும், அப்பெயரை உச்சரிப்போருட் பெரும்பாலார் அவரை அறியார். மனிதரின் பெயர் நோயின் பெயராகி, நோய் மனிதரை மறைத்துவிட்டது. அவருடைய உருவப்படம் எதுவும் நமக்குக் கிடைத்திலது. நிழற்படக் கலை பயன்பாட்டுக்கு வருமுன்பே அவர் மறைந்தாராதலின், அவர் பெயரால் உலவும் நிழற்படங்கள் யாவும் பிறருடையனவே.

அவர்தாம் ஜேம்ஸ் பார்க்கின்சன். கையும் காலும் நடுங்கி, உடல் முன்னே குனிந்து, நடை தடுமாறும் நோயை முதன்முதல் முறையாக வரைந்து காட்டியவர். அந்நோய் மூளையைச் சார்ந்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இன்றோ ஆராய்ச்சியாளர் குடலையும் உற்று நோக்குகின்றனர். வியப்பு என்னவெனில், குடலைப் பற்றிய அந்த நோக்கு பார்க்கின்சன் 1817இல் எழுதிய சிறு நூலிலேயே இடம்பெற்றுள்ளது. அவர் அதனை எவ்வாறு எழுதினார், எத்துணைத் தெளிவோடும் எத்துணை அடக்கத்தோடும் எழுதினார் என்பதை அறிய, அவர் வாழ்ந்த வாழ்வை முதலில் அறிதல் வேண்டும்.

அப்போதிக்கரியின் மகன்

பார்க்கின்சன் 1755ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆம் நாள், ஷோர்டிச்சைச் சார்ந்த ஹொக்ஸ்ரன் என்னும் இடத்திலே பிறந்தார். தந்தையார் ஜோன் பார்க்கின்சன் அங்கே அப்போதிக்கரியாகவும் சத்திரவைத்தியராகவும் விளங்கியவர். அப்போதிக்கரி என்னும் சொல் நம் நாட்டாருக்கும் பழக்கமானதே. அக்கால இங்கிலாந்திலே பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற வைத்தியர் செல்வர் வீடுகளுக்கே பெரும்பாலும் செல்வர். ஏழை எளியவருக்கு மருந்து கலந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, பிள்ளைப்பேறும் பார்த்தவர் அப்போதிக்கரியே. அத்தகைய ஒருவரின் மகனாகப் பிறந்து, தந்தையாரிடமே தொழில் பயின்று, அவர் இருந்த இடத்திலேயே தாமும் இருந்து, தம் மகனுக்கும் அத்தொழிலையே விட்டுச் சென்றவர் நம் பார்க்கின்சன்.

1776இல் இலண்டன் வைத்தியசாலையில் ஆறு மாதம் பயிற்சி பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டிலே, தூக்கிட்டுக்கொண்ட மனிதன் ஒருவனை மீண்டும் மூச்சுவிடச் செய்து காப்பாற்றியமைக்காக, உயிர் மீட்புப் பணிக்கென அமைந்த மனிதாபிமானச் சங்கத்தாரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றார். 1784இல் சத்திரவைத்தியராகத் தகுதிச் சான்றும் கிடைத்தது. அவ்வாண்டிலேயே தந்தையார் காலமாக, ஹொக்ஸ்ரன் மக்களைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அவர் தோள்மேல் விழுந்தது.

தொழில் கைவந்தபின் கற்பது முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. 1785இல் ஜோன் ஹண்டர் என்னும் புகழ்மிக்க சத்திரவைத்தியரின் விரிவுரைகளுக்குச் சென்று, அவற்றைச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். அக்குறிப்புகளைப் பின்னாளில் அவர் மகன் நூலாக்கி 1833இல் வெளியிட்டார். நூலேடுகளிற் கண்டதை ஒப்புவிப்பதை விடுத்து, உடலை நேரே நோக்கி அறியவேண்டும் என்பதே ஹண்டர் மாணாக்கருக்குப் புகட்டிய நெறி. அந்நெறி பார்க்கின்சனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது என்பதை அவர்தம் பிற்கால நூல்கள் யாவும் காட்டுகின்றன.

முதிய ஹியூபேட்

வைத்தியர் ஒருவர் ஏழைகளின் வீட்டுக்குள் புகுந்து பார்க்கும்போது நோயை மாத்திரமா காண்கின்றார்? பசியையும் கடனையும் குளிர்ந்த அடுப்பையும் காண்கின்றார். பார்க்கின்சனும் கண்டார். அவர் நடுவயதை எய்தும் வேளையிலே பிரான்சியப் புரட்சி வெடித்தது. இங்கிலாந்திலும் நாடாளுமன்றத்தைச் சீர்திருத்தவேண்டும், எளியோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற குரல் எழுந்தது. தோமஸ் ஹார்டி என்னும் சப்பாத்துத் தொழிலாளி 1792இல் தொடங்கிய இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்திலே பார்க்கின்சனும் சேர்ந்தார். முதிய ஹியூபேட் என்னும் புனைபெயரிலே அரசின் போக்கைக் கண்டித்துத் துண்டு நூல்கள் பல எழுதினார். பொதுமக்களைப் பன்றிக் கூட்டத்திற்கு ஒப்பிட்ட எட்மண்ட் பேர்க்கின் சொல்லைப் பற்றிக்கொண்டு அவரை எள்ளி எழுதியதும் அவற்றுள் ஒன்று. இரத்தம் சிந்தாமலே மாற்றம் வரவேண்டும், கிளர்ச்சியினும் சீர்திருத்தமே மேலானது என்பதே அவர் கொள்கை. அக்கொள்கையை 1794இல் வெளிவந்த ஒரு துண்டு நூலின் தலைப்பாகவே வைத்துவிட்டார்.

அக்காலம் அத்தகைய பேச்சுக்கு ஏற்ற காலமன்று. பிரான்சோடு போர் மூண்டிருந்தது. விசாரணையின்றியே மக்களைச் சிறை வைக்க அரசு அதிகாரம் பெற்றிருந்தது. 1794இல் விந்தையானதொரு குற்றச்சாட்டு எழுந்தது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நாடகசாலைக்கு வரும்போது, சிறுவர் விளையாடும் காற்றுக்குழல் போன்ற கருவியால் நஞ்சூட்டிய அம்பொன்றை எய்து அவரைக் கொல்லச் சதி நடக்கின்றது என்பதே அது. சங்கத்தைச் சேர்ந்த சிலர் பிடிபட்டனர். அவர்களை அறிந்த பார்க்கின்சன் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அரசவை மன்றத்தின் முன்னே நின்று சாட்சி சொன்னார். எதிரே பிரதம மந்திரி வில்லியம் பிட் அமர்ந்திருந்தார். தாமே அந்நூல்களை எழுதியவர் என்பதைப் பார்க்கின்சன் மறைக்கவில்லை. அதே வேளையில், தமக்கே குற்றம் தேடித்தரக்கூடிய வினாக்களுக்கு விடையிறுக்கக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்பதையும் உறுதியாக எடுத்துரைத்தார். வழக்கு நீண்டு, 1796 மே மாதத்தில் முதன்மைக் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் விடுதலை பெற்றதோடு முடிவுற்றது. சதி என்று ஒன்று இருந்ததாக எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை.

அதன் பின்னர் பார்க்கின்சன் அரசியல் நூல் எழுதுவதை விட்டார். ஆனால் எளியோரை விட்டாரில்லை. குடும்பங்களுக்கான மருத்துவ அறிவுரை நூலை 1799இலும், கிராமத்தாருக்கு உடல்நலங் கூறும் நூலை 1800இலும் வெளியிட்டார். தாமே துன்புற்ற கீல்வாத நோயைப் பற்றி 1805இல் ஒரு நூல் வரைந்தார். ஷோர்டிச் ஏழையர் விடுதியின் வைத்தியராகவும் பணியாற்றி, தொற்றுக் காய்ச்சல் கண்டாரைத் தனியே வைத்துப் பராமரிக்கும் மனைகள் ஊர்தோறும் வேண்டும் என்று 1818இல் வாதாடினார்.

கல்லிலே கற்ற பாடம்

பார்க்கின்சனின் வாழ்நாளிலே அவருக்குப் புகழ் தந்தது வைத்தியமன்று. கல்லாய் உறைந்த பழைய உயிர்களின் சுவடுகளே. சங்கும் சிப்பியும் மரமும் எலும்பும் கல்லாகக் கிடந்தவற்றைச் சேர்த்து, ஒப்புநோக்கி, முந்தைய உலகின் உயிர்ச்சுவடுகள் பற்றி மூன்று பெருந்தொகுதிகள் எழுதினார். அவை 1804, 1808, 1811ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1807 நவம்பரில் இலண்டனிலே பதின்மூவர் கூடிப் புவியியற் சங்கத்தைத் தோற்றுவித்தபோது அவர்களுள் ஒருவராக அவரும் இருந்தார். ஹம்ப்ரி டேவியும் அக்குழுவில் ஒருவரே. சுருண்ட ஓட்டையுடைய ஒருவகைத் தொல்லுயிருக்குப் பார்க்கின்சோனியா என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. சத்திரவைத்தியர் கல்லூரியின் முதலாவது கௌரவத் தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது.

கல்லை ஆராய்ந்தவருக்கும் நோயை ஆராய்ந்தவருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. சுவடு தேடுபவர் கையில் அகப்படுவது முழு உடலன்று; ஒரு துண்டு மாத்திரமே. அத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, கண்டது இது, கருதுவது இது என்று பிரித்துச் சொல்லப் பழகவேண்டும். அப்பழக்கமே அறுபத்திரண்டாம் வயதில் பார்க்கின்சனுக்குக் கைகொடுத்தது.

வீதியிலே கண்ட நோய்

நடுக்குவாதம் பற்றிய அவர்தம் நூல் 1817இல் வெளிவந்தது. அறுபத்தாறு பக்கங்களே கொண்டது. அதன் அடிப்படை ஆறு மனிதர். ஐம்பது வயது கடந்த தோட்டக்காரர் ஒருவர். நீதிமன்றப் பணியாளராயிருந்த அறுபத்திரண்டு வயதினர் ஒருவர். முன்னாளில் மாலுமியாயிருந்த முதியவர் ஒருவர். இவ்வாறு அப்பட்டியல் செல்கின்றது. அறுவருள் மூவரை அவர் கண்டது வீதியிலேயாம். அவருள்ளும் ஒருவரைத் தொலைவிலிருந்து நோக்கியதோடு சரி. ஏழையர் பகுதியிலே நாள்தோறும் கால்நடையாய்ச் சென்ற வைத்தியரின் கண், கூட்டத்தினிடையே ஒருவரின் குனிந்த முதுகையும் விரைந்து ஓடும் நடையையும் கண்டு நின்றது. வேறு வேறு மனிதரிடம் கண்ட அக்குறிகள் யாவும் ஒரே நோயின் முகங்கள் என்று அவர் உணர்ந்தார். அதற்கு முன்னும் நடுங்குங் கையை வைத்தியர் கண்டதுண்டு. ஓடும் நடையைக் கண்டதும் உண்டு. இரண்டையும் ஒரே நூலிற் கோத்தவர் அவரே.

அவர் காட்டிய சித்திரம் இன்றும் படிப்போர் நெஞ்சை உருக்குவது. நோய் வரும் நாளை நோயாளி அறியான். அத்துணை மெல்ல அது வந்து புகும். முதலில் ஒரு கையில் இலேசான சோர்வும் நடுக்கமும். அக்கை ஓய்ந்திருக்கும்போதே நடுங்கும். வேலைசெய்ய முற்பட்டால் சற்றே அடங்கும். மாதங்கள் கழிய, மற்றை உறுப்புகளும் ஆட்படும். எழுதுவது அரிதாகும். உணவை வாய்க்குக் கொண்டுசெல்வதே பெரும்பாடாகும். நடப்பவன் தன்னை அறியாமல் ஓடத் தொடங்குவான். ஓடாவிடின் முகங்குப்புற விழுவான். உறக்கத்திலும் நடுக்கம் ஓயாது. பேச்சுக் குழறும்; உமிழ்நீர் வழியும்; விழுங்கல் அரிதாகும். இவையனைத்துக்கும் இடையே புலன்களும் அறிவும் பழுதுறாமல் இருக்கும் என்றும் அவர் எழுதினார். பிற்காலத்தில் இக்கூற்றுக்குத் திருத்தம் வேண்டியதாயிற்று. நோய் முதிரும்போது பலருக்கு நினைவும் அறிவும் தளர்வதுண்டு. ஆயினும், நடுங்குகின்றவரை அறிவிழந்தவர் என்று உலகம் ஒதுக்கிய காலத்திலே அவர் அங்ஙனம் எழுதியது நோயாளியின் மானத்தைக் காத்த செயல் என்றே கொள்ளல் வேண்டும்.

குடலைப் பற்றிய குறிப்பு

இந்த வருணனையினிடையே, பிறர் எழுதக் கூசும் ஒரு செய்தியையும் பார்க்கின்சன் கூசாமல் எழுதினார். நோயாளியின் குடல் தொடக்கமுதலே சோம்பிக் கிடக்கின்றது; நோய் முற்றியபின் வலிய பேதிமருந்து இன்றி அது இயங்குவதில்லை; சிலருக்கோ மலத்தைக் கையினாலோ கருவியினாலோ வெளிப்படுத்த நேர்கின்றது. நடுக்கத்தைக் கண்டு வியந்தவர் பலர். படுக்கையருகே அமர்ந்து மலம் போகின்றதா என்று கேட்டு, அவ்விடையையும் நோயின் வரலாற்றில் ஒரு வரியாகச் சேர்த்தவர் அரியர். ஏழையரின் அப்போதிக்கரியாய் இருந்த காரணத்தினால், கையால் தொடத்தக்கது இது, தகாதது இது என்ற பேதம் அவருக்கு இருந்ததில்லை. குடல் அவருக்குப் புதிய உறுப்புமன்று. 1812இல் அவர் மகன் வெளியிட்ட ஒரு குறிப்பிலே, குடல்வால் அழற்சியுற்றுத் துளைபட்டதனால் இறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் வரலாறு விளக்கப்பட்டுள்ளது. அதனைச் சங்கத்தின் முன் வைத்தவர் தந்தையாரே. அத்துளையே இறப்புக்குக் காரணம் என்று ஆங்கில மொழியில் தெளிவுறக் காட்டிய முதற் குறிப்பு அதுவென்பர்.

நடுக்குவாதம் எங்கே தோன்றுகின்றது என்ற வினாவுக்கு, முண்ணாணின் மேற்பகுதியிலே, கழுத்தெலும்புகளின் உள்ளே என்று பார்க்கின்சன் கருதினார். காலப்போக்கில் அது மூளையின் அடித்தண்டுக்கு ஏறுகின்றது என்றும் எண்ணினார். ஆனால் இறந்த நோயாளி எவரையும் அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆதலின் இது ஊகமே என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு, அறுத்தாராயும் வல்லமை உடையோர் தம் பிழையைத் திருத்தவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

நூலின் இறுதியில் மற்றொன்றும் சொன்னார். இரைப்பையும் குடலும் சீர்கெட்டால், அக்கேடு முண்ணாணில் ஒரு பகுதியையும் நோயுறச் செய்யலாம். எவ்வழியாக அது நிகழும் என்று தம்மால் தொடர்ந்து காட்ட இயலவில்லை. எனினும் அது நிகழக்கூடியதே. இக்கருத்துக்குத் தூண்டுகோலாக அவர் குறிப்பிட்டவர் ஜோன் அபர்நெதி. உடலின் ஓரிடத்து நோய்க்கும் உணவுக்கால்வாயின் கோளாறுக்கும் தொடர்புண்டு என்று கற்பித்த இலண்டன் சத்திரவைத்தியர் அவர். சான்றாக ஒருவர் வரலாற்றையும் பார்க்கின்சன் எடுத்துக்காட்டினார். ஐம்பத்துநான்கு வயதினர் ஒருவருக்குக் கைகளிலே விறைப்பும் சோர்வும், இடையிடையே நடுக்கமும் கண்டன. வயிற்றைத் தடவிப் பார்த்தபோது குடல் நிறைந்து கிடந்தது. கலோமல் என்னும் இரச மருந்தும், சிற்சில வேளை பேதியுப்பும் கொடுத்து வயிற்றைச் சுத்தி செய்ய, ஏறத்தாழப் பத்து நாளில் எல்லாம் நீங்கின.

இங்கே நாம் நிதானம் இழத்தல் ஆகாது. எந்நோய்க்கும் குடலையே குறைகூறிப் பேதிக்குக் கொடுப்பது அக்கால வைத்தியரின் பொது வழக்கம். அம்மனிதருக்கு வந்தது இன்று நாம் பார்க்கின்சன் நோய் என்று கூறும் நோயாக இருந்திருக்க முடியாது. அந்நோய் பத்து நாளிற் பறந்தோடுவதன்று. பார்க்கின்சனும் அவரைத் தம் அறுவருள் ஒருவராகச் சேர்க்கவில்லை. ஆகவே, குடல் சோர்ந்திருக்கின்றது என்பது அவர் கண்ணாற் கண்டது. குடலினின்று நோய் எழலாம் என்பது அவர் காலத்துக் கொள்கையை ஒட்டி அவர் கருதியது. இரண்டையும் அவர் வேறு வேறு இடத்தில், வேறு வேறு குரலில் எழுதிவைத்தார். கண்டதை உறுதியாகச் சொன்னார். கருதியதைத் தயங்கிச் சொன்னார். அந்தப் பிரிவினையிலேயே அவர் பெருமை தங்கியுள்ளது.

மறதியும் மீட்சியும்

1824 டிசம்பர் 21ஆம் நாள் பாரிசவாதத்தினால் பார்க்கின்சன் காலமானார். அவருடைய சிறு நூல் விரைவில் மறக்கப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின், பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிலே பேராசிரியர் ஜீன் மார்ட்டின் ஷார்க்கோ இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். நோயாளியின் தசை இறுகி நிற்பதையும் அசைவு மந்தமாவதையும் தெளிவாக எடுத்துக்காட்டிய அவர், நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரே வழங்கவேண்டும் என்று கற்பித்தார். பிறநாட்டார் ஒருவர் பெருந்தன்மையால் அப்போதிக்கரியின் பெயர் நிலைபெற்றது. சொந்த நாட்டிலோ அவர் வாழ்க்கை மேலும் பல்லாண்டு மறதியிலேயே கிடந்தது.

பின்னர், நோயின் இருப்பிடத்தைத் தேடும் பணி மூளைக்குள் சென்றது. 1912இல் ஜேர்மனியிலே பிரெடெரிக் லூவி என்பவர் நோயாளரின் நரம்புக் கலங்களுக்குள்ளே உருண்டைத் துகள்களைக் கண்டார். அவர் கண்ட இடங்களுள் ஒன்று, மூளையின் அடித்தண்டிலே வேகஸ் நரம்பு பிறக்கும் கரு. வேகஸ் என்றால் இலத்தீனில் அலைந்து திரிவது என்று பொருள். கழுத்து வழியே இறங்கி, இதயத்தையும் நுரையீரலையும் இரைப்பையையும் குடலையும் தொட்டு அலையும் நரம்பு அது. 1919இல் திரெத்தியாகோவ் என்பவர் மூளையின் நடுவே உள்ள கரும்பொருள் என்னும் பகுதி இந்நோயில் அழிகின்றது என்று காட்டியபின், எல்லார் கண்ணும் அப்பகுதியிலேயே நிலைத்தது. அங்கே சுரக்கும் டோபமீன் நோயாளரின் மூளையில் குன்றிவிடுகின்றது என்பது 1960இல் வியன்னாவிலே வெளிப்பட்டது. லெவோடோபா என்னும் மருந்து அதன்வழி வந்தது. பூனைக்காலி விதையில் உள்ள அப்பொருளைச் சென்னை ஆய்வாளர் 1937இலேயே பிரித்தெடுத்திருந்தனர் என்பது நாம் மகிழ்வோடு நினைவுகூரத்தக்கது. அசைவற்றுக் கிடந்தோர் எழுந்து நடந்தனர். அவ்வெற்றியின் ஒளியிலே குடலைப் பற்றிய பழைய வரி மங்கிப்போயிற்று.

இருநூறு ஆண்டுகளின் பின்

மங்கிய வரி மீண்டும் துலங்கியது எங்ஙனம்? லூவி கண்ட துகள்கள், ஆல்பா சைனுக்கிளீன் எனும் புரதம் பிறழ மடிந்து திரள்வதனால் ஆனவை என்பது 1997இல் தெளிவாயிற்று. அதன் துணைகொண்டு, ஹைக்கோ பிராக் என்னும் ஜேர்மன் உடற்கூற்று அறிஞர் இறந்தோர் மூளைகள் பலவற்றை ஆராய்ந்து, 2003இல் ஒரு கருத்தை வெளியிட்டார். பலரிடத்தில் அப்புரதத் திரள் முதலில் தோன்றுவது கரும்பொருளில் அன்று. மோப்ப நரம்பின் குமிழிலும், வேகஸ் நரம்பு பிறக்கும் கருவிலும். அங்கிருந்து படிப்படியாக மேலேறியே அது கரும்பொருளை எய்துகின்றது. ஆதலின் நோயின் வித்து மூக்கின் வழியாகவோ குடலின் வழியாகவோ புகுந்து, நரம்பைப் பற்றி மூளைக்கு ஏறக்கூடும் என்றார் பிராக். குடற்சுவரில் உள்ள நரம்புக் கலங்களிலும் அதே திரள் காணப்பட்டது. குடலுக்கென்றே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் உள்ளன என்பதை நினைத்தால் இது வியப்பன்று.

வேறு சான்றுகளும் சேர்ந்தன. ஹவாய்த் தீவில் ஆயிரக்கணக்கான ஆடவரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. மலங்கழித்தல் குறைந்தவரிடத்தே பிற்காலத்தில் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. கை நடுங்குவதற்குப் பத்து, இருபது ஆண்டு முன்னரே குடல் மந்தமாவது பலரிடம் உண்டு என்பது இப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. இரைப்பைப் புண்ணுக்காக முன்னாளில் வேகஸ் நரம்பை முற்றாக அறுத்துக்கொண்டவர்களுக்கு இந்நோய் சற்றே குறைவாக வந்தது என்று டென்மார்க், சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் 2015இலும் 2017இலும் எழுதினர். 2019இல் அமெரிக்காவிலே, பிறழ்ந்த அப்புரதத்தை எலிகளின் இரைப்பைச் சுவரிலும் குடற்சுவரிலும் செலுத்திப் பார்த்தபோது அது வேகஸ் வழியே மூளைக்கு ஏறியது. நரம்பை அறுத்த எலிகளில் ஏறவில்லை. பார்க்கின்சனால் தொடர்ந்து காட்ட இயலாத வழிக்கு ஒரு வரைபடம் கிடைத்தது போலாயிற்று.

ஆயினும் வழக்குத் தீர்ந்துவிடவில்லை. டென்மார்க்குப் பதிவேடுகளையே மீண்டும் ஆராய்ந்த வேறு சிலர் அத்தகைய வேறுபாடு உறுதியன்று என்றனர். குடல்வாலை நீக்கியவர்க்கு நோய் குறைகின்றதா, கூடுகின்றதா என்பதிலும் ஆய்வுகள் முரண்படுகின்றன. பிராக் காட்டிய படிமுறைக்கு இணங்காத மூளைகளும் உண்டு. ஆகவே, சிலருக்கு நோய் உடலிலே தொடங்கி மூளைக்கு ஏறுகின்றது, சிலருக்கு மூளையிலே தொடங்கி உடலுக்கு இறங்குகின்றது என்று அறிஞருள் ஒருசாரார் இப்போது கருதுகின்றனர். மலச்சிக்கல் உடையார் பெரும்பாலோருக்கு இந்நோய் ஒருபோதும் வருவதில்லை என்பதையும் அஞ்சுவோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முடிவு எதுவாயினும், நோயாளியின் நாளாந்த வாழ்விலே குடல் புறக்கணிக்கத்தக்கதன்று. லெவோடோபா உறிஞ்சப்படுவது சிறுகுடலிலே. இரைப்பை மந்தமானால் மாத்திரை அங்கேயே தங்கி, உரிய வேளையில் பயன் தராது. புரதம் மிகுந்த உணவும் அதன் உறிஞ்சலைத் தடை செய்யும். நோயை வேரோடு தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இந்நிலையிலே குடலைச் சீராக வைப்பது சிறு உதவியன்று. ஆயினும் பல வீடுகளிலே முதியவரின் கை நடுக்கத்தைக் கண்டு கலங்குவோர் அவரின் வயிற்று வேதனையைக் கேட்பதில்லை; அவரும் வெட்கத்தினாற் சொல்வதில்லை. அந்த மௌனத்தை 1817இலேயே கலைத்தவர் ஹொக்ஸ்ரன் அப்போதிக்கரி.

ஆண்டுதோறும் ஏப்ரல் 11ஆம் நாள், அவர் பிறந்த நாள், உலகப் பார்க்கின்சன் நாளாக நினைவுகூரப்படுகின்றது. அவர் கண்டுபிடித்தார் என்று போற்றுவதற்கு நடுக்குவாதத்தின் வருணனை ஒன்றே போதும். குடலின் மருமத்தையும் அவர் கண்டுபிடித்தார் என்று கூறின் அது மிகை. அவரே அதனை மறுத்திருப்பார். அவர் செய்தது வேறு. கண்டதை விடாமல் எழுதினார்; காணாததைக் கண்டதாக எழுதவில்லை; தமக்கு எட்டாத இடத்தை, பின்வருவோருக்கென ஒழித்துவைத்தார். அதிகார பீடத்தின் முன்னே அறிந்ததை மாத்திரம் சொல்லி நின்ற அதே மனிதர், இயற்கையின் முன்னும் அவ்வாறே நின்றார். அவர் ஒழித்துவைத்த அந்த இடத்திலேதான் இருநூறு ஆண்டுகள் கழிந்தும் ஆராய்ச்சி நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது.